காளைக்கு ஒரு நீதி, கணவனுக்கு ஒரு நீதியா?

ரெட்டியார்சத்திரத்திலும், திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் சாலையின் இருபக்கத்து ஊர்களிலும், மாடு வளர்ப்போர் ஏராளம். அவர்களிலே ஒருவரை நிறுத்தி, "பெரியவரே, உயிரியல் தெரியுமா?" என்று கேட்டால், "அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம் தம்பி" என்று கையை விரிப்பார். அவர் சொல்வதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. தெரியும் அவருக்கு, நன்றாகவே தெரியும்!

மாடு கத்துகிறது. தீனியிலே நாட்டமில்லை. நிலைகொள்ளாமல் கட்டுத்தறியைச் சுற்றுகிறது. உடனே அவர் மந்திரவாதியைத் தேடி ஓடுகிறாரா? இல்லை. காலையிலே அறிகுறி கண்டால் மாலையிலே, மாலையிலே கண்டால் மறுநாள் காலையிலே, சினை ஊசி போட்டாக வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார். தங்கவில்லையா? 21 நாள் கழித்து மறுபடி பருவம் வரும் என்று நாளை எண்ணிக் காத்திருக்கிறார். அந்த ஊசியிலே வரும் விந்து எங்கிருந்து வந்தது? பண்ணையிலே வளர்ந்த காளையிடமிருந்து. அந்தக் காளைக்கு நோய் உண்டா என்று பார்த்தார்கள்; அதன் விந்தை நுண்ணோக்கியின் கீழே வைத்து, அணுக்கள் உண்டா, ஓடுகின்றனவா, உருவம் சரிதானா என்று பார்த்தார்கள்; தேறிய பிறகே திரவ நைட்ரசனிலே, சுழிக்குக் கீழே 196 டிகிரி குளிரிலே உறையவைத்து அனுப்பினார்கள். தேறாத காளையைக் கழித்துவிட்டார்கள். பசுவின் மீது மட்டும் பழி போடும் பழக்கம் கால்நடை மருத்துவத்திலே கிடையாது!

கொட்டகையிலிருந்து நாலடி தள்ளி வீட்டுக்குள்ளே வாருங்கள். மணமாகி மூன்று ஆண்டு ஆகிறது, குழந்தை இல்லை. என்ன நடக்கிறது? மருமகளை மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள். இரத்தம் எடுக்கிறார்கள்; வயிற்றை ஒளிப்படம் பிடிக்கிறார்கள்; கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று மருந்து செலுத்திப் பார்க்கிறார்கள். வலி தாங்காமல் அவள் பல்லைக் கடிக்கிறாள். ஆடிவெள்ளிக்கு ஒரு கோயில், தைவெள்ளிக்கு ஒரு கோயில், மரக்கிளையிலே மஞ்சள் துணித் தொட்டில். வளைகாப்பு வீட்டிலே அவளை வாசலோடு நிறுத்துகிறார்கள். "மலடி" என்ற சொல் முதலில் முதுகுக்குப் பின்னாலும், பிறகு முகத்துக்கு நேராகவும் வந்து விழுகிறது. இத்தனையும் நடக்கும்போது அவளுடைய கணவன் எங்கே இருக்கிறான்? தேநீர்க் கடையிலே நாளேடு படித்துக்கொண்டிருக்கிறான்! அவனைச் சோதித்தார்களா? "அவனுக்கென்ன, ஆம்பளை!" என்கிறாள் தாய்.

காளையைச் சோதித்து வாங்குகிற நாடு, கணவனைச் சோதிக்கச் சொன்னால் முகம் சுளிக்கிறது. இந்த ஓரவஞ்சனையைப் பற்றித்தான் இன்று தோழர்களோடு பேச விரும்புகிறோம். கூச்சம் வேண்டாம். கூச்சப்படவேண்டிய செய்தி இதிலே ஒன்றுமில்லை. கூச்சப்பட்டதால் கெட்ட குடும்பங்கள்தான் உண்டு.

உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, வாழ்நாளிலே ஒரு கட்டத்திலாவது குழந்தைப்பேறின்மையைச் சந்திக்கிறவர்கள் ஆறு பேரில் ஒருவர் என்று கூறுகிறது. பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வேறுபாடு இதிலே அதிகமில்லை. குழந்தை இல்லாத இணையர்களிலே ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, ஆணிடத்திலுள்ள குறை தனிக் காரணமாகவோ, பெண்ணிடத்திலுள்ள குறையோடு சேர்ந்த காரணமாகவோ இருக்கிறது. பாதி! பாதிக் குற்றத்தைச் சுமக்கவேண்டியவனை விட்டுவிட்டு முழுக் குற்றத்தையும் ஒருத்தியின் தலையிலே ஏற்றுகிறோம். (குற்றம் என்ற சொல்லே தவறு, உடலின் குறைக்குக் குற்றம் ஏது? ஊர் பேசுகிற மொழியிலே சொன்னோம்.)

அயோத்தியிலே தசரதன் என்று ஒரு மன்னன். பட்டத்தரசியர் மூவர். மூவருக்கும் பிள்ளையில்லை. வேள்வி நடத்தினார்கள், பாயசம் வந்தது என்கிறது கதை. மூன்று பெண்களுக்கும் ஒருசேரப் பிள்ளை இல்லையென்றால் குறை எந்தப் பக்கம் இருக்கக்கூடும் என்று கேட்கும் துணிவு அந்த மண்டபத்திலே ஒருவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அங்கே மன்னன், இங்கே மாமியாரின் மகன். கேள்வி கேட்கப்படாத இடத்திலே இருவரும் ஒன்றே!

சரி, ஆண்மை என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? மீசையிலா? தோளிலா? 1849ஆம் ஆண்டு, ஜெர்மன் நாட்டிலே கோட்டிங்கன் என்ற ஊரில், பெர்த்தோல்டு என்ற அறிஞர் இந்தக் கேள்வியைச் சேவலிடம் கேட்டார். ஆறு இளஞ்சேவல்களை எடுத்துக்கொண்டு விதைகளை நீக்கினார். நீக்கியதோடு விட்ட சேவல்களுக்குக் கொண்டை சுருங்கிற்று, கூவுவதை மறந்தன, சண்டையை மறந்தன, பெட்டையை ஏறிட்டும் பார்க்கவில்லை. மற்றவற்றின் வயிற்றுக்குள்ளே ஒரு விதையை வைத்துத் தைத்தார். அவை கொண்டையோடும் கொக்கரிப்போடும் திரிந்தன! நரம்புத் தொடர்பு அறுந்துபோயிருந்தது. ஆகவே, ஏதோ ஒரு பொருள் இரத்தத்தின் வழியே உடல் முழுதும் சென்று இந்த வேலையைச் செய்கிறது என்று முடிவு கட்டினார். அதற்கு ஹார்மோன் என்ற பெயரை இலண்டனிலே ஸ்டார்லிங் என்ற பேராசிரியர் 1905ஆம் ஆண்டு வழங்கினார். கிளர்ந்தெழச் செய்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது.

இந்த இரத்த வழியை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள்; பின்னாலே வேறோர் இடத்தில் தேவைப்படும்.

நமது மண்டைக்குள்ளே, மூளையின் அடியிலே, பட்டாணி அளவு ஒரு சுரப்பி தொங்குகிறது, பிட்யூட்டரி என்பார்கள். அதற்கு மேலே மூளையின் ஒரு பகுதி அமர்ந்து ஆணை அனுப்புகிறது. அந்த ஆணை எத்தகைய வேதிப்பொருள் என்று கண்டறிய, அமெரிக்காவிலே ஒருவர் பன்றிகளின் மூளைப் பகுதிகளையும், மற்றொருவர் செம்மறியாடுகளின் மூளைப் பகுதிகளையும் இலட்சக்கணக்கில் அரைத்து ஆராய்ந்தார்கள். ஷாலி, கியூமன் என்ற அந்த இருவரும் 1977ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆணை வந்ததும் பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை இரத்தத்திலே விடுகிறது. பெண்ணின் உடலிலே அவை சூலகத்துக்குச் சென்று முட்டையை வளர்க்கின்றன. முதிர்ந்த முட்டையை வெடித்து வெளியேறச் செய்கின்றன. ஆணின் உடலிலே அவை விதைக்குச் சென்று, ஒன்று விந்தணு உருவாகத் துணைசெய்கிறது, மற்றொன்று டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது.

கவனித்தீர்களா? இரண்டு உடலுக்கும் ஒரே இரண்டு ஹார்மோன்கள்! ஆணுக்கென்று உயர்ந்த சரக்கு, பெண்ணுக்கென்று தாழ்ந்த சரக்கு என்று மூளை தனித்தனிக் கடை வைத்திருக்கவில்லை. இன்னும் கேளுங்கள்: பெண் ஹார்மோன் என்று நாம் பெயரிட்டிருக்கும் ஈஸ்ட்ரஜன் பெண்ணின் உடலிலே எதிலிருந்து செய்யப்படுகிறது? டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களிலிருந்தே! ஆணின் எலும்பு உறுதியாக இருக்க எது வேண்டும்? அதே ஈஸ்ட்ரஜன்! ஆணுக்குள்ளே பெண்ணும் பெண்ணுக்குள்ளே ஆணும் கலந்தே இருக்கிறார்கள், அளவுதான் வேறு. மேல் கீழ் என்று பிரித்து எழுதிய மனுவுக்கு இந்தச் சுரப்பி தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரிந்த பிறகும் மனுவின் பக்கமே நின்றால் எப்படி?

பெண்ணின் உடலிலே இந்த வேலை மாதக் கணக்கிலே நடக்கிறது. ஈஸ்ட்ரஜன் ஏறி ஏறிக் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கிறது, முட்டை வெளியேறிய பிறகு புரோஜெஸ்டிரோன் வந்து அந்தச் சுவரைப் பதமாக்கி வைத்துக் காத்திருக்கிறது, கரு வரவில்லையென்றால் இரண்டும் இறங்கிவிடுகின்றன, சுவர் கழிகிறது. மாதவிலக்கு என்பது இவ்வளவே. தீட்டும் இல்லை, தெய்வக் குற்றமும் இல்லை. பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு இது முதன்முறை நடந்ததும் நாம் என்ன செய்கிறோம்? பந்தல் போடுகிறோம், ஒலிபெருக்கி கட்டுகிறோம், மாமன் சீர் வரிசையாக வருகிறது, அவளுடைய படத்தைப் பெரிதாக அச்சடித்து முச்சந்தியிலே நிறுத்துகிறோம். ஊர் முழுதுக்கும் தெரிவிக்கிறோம். அந்தச் சிறுமிக்கு மட்டும் என்ன நடந்தது என்று தெரிவிப்பதில்லை! பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலே ஹார்மோன்களைப் பற்றிப் பாடம் இருக்கிறது, இனப்பெருக்கத்தைப் பற்றியும் பாடம் இருக்கிறது. "இதை வீட்டிலே படித்துக்கொள்ளுங்கள்" என்று புரட்டிவிட்டுப் போகும் வகுப்புகளும் இருக்கின்றன. வீட்டிலே யாரிடம் படிப்பது?

மாதவிலக்கு ஒழுங்கு தவறுகிறது, முகத்திலே முடி அரும்புகிறது, உடல் பருக்கிறது என்று நமது வீட்டுப் பெண்கள் பலர் சொல்லக் கேட்கிறோம். சூலகத்திலே நீர்க்கட்டி என்று பொதுவழக்கிலே சொல்லப்படும் ஹார்மோன் கோளாறு அது. பிள்ளை பெறும் பருவத்துப் பெண்களிலே நூற்றுக்கு 8 முதல் 13 பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள் என்றும், அவர்களிலே நூற்றுக்கு 70 பேர் வரை தமக்கு அது இருப்பதையே அறியாதிருக்கிறார்கள் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இது பிள்ளைப்பேற்றோடு நிற்கும் நோயன்று. கவனிக்காமல் விட்டால் நீரிழிவு வரை கொண்டுபோகும். "கலியாணமானால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லும் கிழவிக்கு மரியாதையாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, பெண்ணை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இனி, உழைக்கும் தோழர்களுக்கென்றே ஒரு செய்தி. இதை நிதானமாகப் படியுங்கள்.

1977ஆம் ஆண்டு. அமெரிக்காவிலே, கலிபோர்னியாவில், லேத்ராப் என்ற ஊர். ஆக்சிடெண்டல் என்ற கம்பெனியின் தொழிற்சாலையிலே பூச்சிமருந்து கலக்கும் தொழிலாளிகள் ஓய்வு நேரத்திலே பேசிக்கொண்டிருந்தார்கள். "எனக்குக் குழந்தை இல்லை." "எனக்கும் இல்லை." "என் மனைவி எத்தனையோ வைத்தியம் பார்த்துவிட்டாள்." பேச்சு வளர வளர ஐயம் வளர்ந்தது. இத்தனை பேருடைய மனைவியரும் ஒருசேர மலடாக இருக்க முடியுமா? தொழிற்சங்கம் தலையிட்டது. சிலர் துணிந்து விந்துச் சோதனைக்குத் தந்தார்கள். முடிவு வந்தபோது இடி விழுந்தது: சிலருக்கு அணுவே இல்லை, சிலருக்கு இருந்தும் இல்லாத அளவு. காரணம், அவர்கள் கலக்கிய மருந்து! டி.பி.சி.பி. என்று சுருக்கமாகப் பெயர். வேரைத் தின்னும் நூற்புழுவைக் கொல்வதற்காக மண்ணிலே விடுவது. விலங்குகளுக்குக் கொடுத்தபோது விதை சுருங்கியது என்ற ஆய்வு 1961ஆம் ஆண்டே அச்சிலே வந்திருந்தது. கம்பெனிகளுக்குத் தெரியும்; தொழிலாளிக்குத் தெரியாது. அமெரிக்க அரசு 1979ஆம் ஆண்டு அதைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. ஆனால் மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களுக்கு மருந்து தொடர்ந்து போயிற்று. பிறகு அங்கே ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளிகள் மலடாகி, ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள்.

இதிலே நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. கம்பெனியின் வேதியியலாரோ மருத்துவரோ முதலில் இதை வெளியே சொல்லவில்லை. தொழிலாளிகள் தாமே ஒருவருக்கொருவர் வாய்திறந்து சொல்லிக்கொண்டதால் வெளிப்பட்டது. கூச்சப்பட்டு ஒவ்வொருவனும் தன் வீட்டுக்குள்ளே அழுதுகொண்டிருந்தால்? மனைவியை மலடி என்று திட்டிக்கொண்டிருந்தால்? கம்பெனி இலாபக் கணக்கை நிம்மதியாக எழுதிக்கொண்டிருக்கும்!

கலிபோர்னியா தொலைவு என்பீர்கள். காசர்கோடு தொலைவா? கேரளத்திலே அந்த மாவட்டத்தின் முந்திரித் தோட்டங்கள் மீது ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம், 2000ஆம் ஆண்டு வரை, எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தை வானூர்தியிலிருந்து பொழிந்தார்கள். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள், அந்த மலையடிவாரத்துச் சிறுவர்களைச் சோதித்து 2003ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். மருந்து படாத ஊர்ச் சிறுவர்களைவிட இவர்கள் பருவமடைவது பிந்தியது. ஆண் ஹார்மோன் சுரப்பிலே குறுக்கீடு தெரிந்தது. கொசுவைப்போல் கடித்தால் தெரியும். பாம்பைப்போல் தீண்டினால் தெரியும். இது ஹார்மோனின் வேலையிலே புகுந்து குழப்புகிற நஞ்சு, பட்டவனுக்கே தெரியாது. 2011ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் உச்சநீதிமன்றம் நாடு முழுதும் எண்டோசல்ஃபானைத் தடுத்து ஆணையிட்டது. அதுவரை நமது தோட்டங்களிலும் தெளித்தோமா இல்லையா? திண்டுக்கல் சமவெளியின் மூத்த உழவர்களைக் கேளுங்கள்.

ரெட்டியார்சத்திரம் காய்கறிப் பூமி. இஸ்ரேல் நாட்டின் ஒத்துழைப்போடு அமைந்த காய்கறி மகத்துவ மையம் இங்கேதான் இருக்கிறது. நல்ல நாற்றும் சொட்டுநீரும் நிழல்வலைக் குடிலும் அறிமுகப்படுத்திய இடம். வரவேற்கிறோம். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு மூட்டை ஏற்றும் உழவனுக்கு அதனால் பயனுண்டு. ஆனால் தக்காளிக்கும் கத்தரிக்கும் மருந்தடிக்கப் போகிறவன் எப்படிப் போகிறான்? லுங்கியை மடித்துக்கட்டி, வெறுங்காலோடு, முகத்திலே துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு! கைப்பம்பு முதுகிலே கசிகிறது. கலக்குவதற்குக் குச்சி அகப்படாவிட்டால் கையையே விடுகிறான். காற்றுக்கு எதிரே அடிக்கிறான். அந்த ஈரச் சட்டையோடு வந்து பிள்ளையைத் தூக்குகிறான். கையுறையும் முழுக்கால் உடையும் முகமூடியும் தோட்ட முதலாளி தந்தாக வேண்டும் என்று எந்தக் கூலியாவது இதுவரை கேட்டதுண்டா? கேட்க வேண்டும். எட்டணாக் கூலி உயர்வுக்குக் கொடி பிடித்த இயக்கங்களின் பிள்ளைகள் நாம். உடலுக்குக் காப்பு கேட்பதற்குக் கொடி பிடிக்கக் கூடாதா?

ஆணின் விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய 74 நாட்கள் பிடிக்கின்றன. விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவதே, உள்ளுடலைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக. கொதிகலன் முன்னே, உலைமுன்னே, நாள் முழுதும் நிற்பவனுக்கு அந்தக் குளிர்ச்சி கிடைப்பதில்லை. ஈயம் உடலிலே ஏறினால் விந்து கெடும். பீடியும் சிகரெட்டும் கெடுக்கும். மது அளவு மீறினால் கெடுக்கும். இன்னொரு புதுக் கேடு: உடற்பயிற்சிக் கூடங்களிலே தோள் புடைக்க வேண்டுமென்று ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறார்கள் இளைஞர்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்து குவிந்ததும், "போதும், போதும்" என்று மூளை தன் ஆணையை நிறுத்திவிடுகிறது, விதை வேலையை விட்டுவிடுகிறது, விந்தணு அற்றுப்போகிறது. ஆண்மையைக் கடையிலே வாங்கப் போய், இருந்த முதலையும் தொலைக்கிறார்கள்!

பஞ்சாலைப் பெண்களையும் மறந்துவிட முடியாது. நமது மாவட்டத்திலே ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளிலே, மாதவிலக்கு வலி என்று சொன்ன பெண்களுக்கு, பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்களே கொடுத்து இயந்திரத்தின் முன்னே நிறுத்திவைத்த செய்தியை 2019ஆம் ஆண்டு வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் ஒன்று, ஏறக்குறைய நூறு பெண்களைக் கண்டு பேசி வெளியிட்டது. மருத்துவர் எழுதாத மாத்திரை. என்ன மாத்திரை என்று விழுங்குகிறவளுக்கே தெரியாத மாத்திரை! வலிக்கு ஓய்வு வேண்டும். ஓய்வுக்கு ஊதியம் போகும். ஊதியம் போகாமலிருக்க மாத்திரை. மாதாமாதம் மறையாத வலி ஒரு நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அறிவியலை அலட்சியம் செய்வதிலே படிக்காதவர்கள்தான் குற்றவாளிகள் என்று எண்ணிவிடாதீர்கள். 1978ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் இங்கிலாந்திலே முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. 70 நாளே ஆகியிருந்தது; அக்டோபர் 3ஆம் நாள் கல்கத்தாவிலே ஒரு பெண்குழந்தை அதே வழியிலே பிறந்ததாக டாக்டர் சுபாஷ் முகர்ஜி அறிவித்தார். எளிய கருவிகளோடு, ஹார்மோன் ஊசியால் பல முட்டைகளை ஒரே சமயத்தில் முதிரவைத்து, கருவை உறையவைத்துப் பிறகு தாயின் வயிற்றிலே சேர்த்திருந்தார். கொண்டாடினார்களா? அரசு ஒரு குழுவை அமர்த்தியது. குழு அவருடைய கூற்றைத் தள்ளிவிட்டது. வெளிநாட்டு அறிஞர்கள் முன்னே எடுத்துரைக்கப் போகவிடாமல் தடுத்தார்கள். கண் மருத்துவத் துறைக்கு மாற்றினார்கள். 1981ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். 1986ஆம் ஆண்டு பம்பாயிலே பிறந்த குழந்தைக்கு முதலிடத்தைப் பெற்ற ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்த ஆனந்தகுமார், பிற்காலத்தில் முகர்ஜியின் குறிப்பேடுகளைப் படித்தார். "முதலிடம் எங்களுடையதல்ல, அவருடையதே" என்ற பொருள்பட 1997ஆம் ஆண்டு எழுதினார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்!

முகர்ஜி பயன்படுத்திய அந்த ஹார்மோன் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? மாதவிலக்கு நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து! அந்த வயதிலே பிட்யூட்டரி ஹார்மோன் சிறுநீரில் மிகுதியாக வெளியேறும். தொடக்கத்திலே இத்தாலி நாட்டு மடங்களிலே முதிய கன்னித்துறவிகளின் சிறுநீரைக் குடம் குடமாகச் சேகரித்துப் பிரித்தெடுத்தார்கள். அதைக்கொண்டு சிகிச்சை பெற்றதால் முதல் குழந்தை 1962ஆம் ஆண்டு இஸ்ரேலிலே பிறந்தது. துறவிகள் அறிந்தோ அறியாமலோ, அருளிய வரம் இதுவே! வேள்விப் பாயசம் தராத பிள்ளையை ஆராய்ச்சிக்கூடம் தந்தது.

ஆண் பெண் சேர்க்கை இன்றியே பிள்ளை பிறக்கும் காலம் வரும் என்று பெரியார் 'இனிவரும் உலகம்' என்ற நூலிலே 1940களிலேயே கூறினார். சிரித்தவர்கள் உண்டு. அதற்கும் முன்னே, 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலிலே கர்ப்பத்தடையைப் பற்றி எழுதினார். மற்றவர்கள் நாட்டின் வறுமையைக் காட்டியும் தாயின் உடல்நலத்தைக் காட்டியும் அதை ஆதரித்தபோது, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று வாதாடினார். பிள்ளை வேண்டாம் என்றாலும், வேண்டும் என்றாலும், முடிவு பெண்ணுடையதாகவும் இருக்க வேண்டும் என்ற இடத்திலே இன்றைய அறிவியலும் அவரும் சந்திக்கிறார்கள்.

ரெட்டியார்சத்திரத்தின் பக்கத்து ஒன்றியம் ஆத்தூர். அங்கே காந்திகிராமத்தார் 1959ஆம் ஆண்டு தொடங்கிய சுகாதாரத் திட்டம், ஊர் ஊராகச் சென்று குடும்பநலத்தை விளக்கி, இந்தியா முழுதும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் காந்திகிராமத்தோடு நமக்கு எல்லாவற்றிலும் கருத்தொற்றுமை உண்டென்று சொல்லமாட்டோம். ஆனால் நல்ல வேலையை நல்ல வேலை என்போம். அக்காலத்திலே அறுவை செய்துகொள்ள முன்வந்தவர்களிலே நாட்டளவில் ஆண்களே மிகுதி! 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலைக் கொடுமையிலே ஆண்களைப் பிடித்து இழுத்துக் கட்டாய அறுவை செய்தார்கள். அதோடு ஆண்கள் ஓடியவர்கள் ஓடியவர்களே. 2019-21 கணக்கெடுப்பிலே இந்திய அளவில் மணமான பெண்களிலே நூற்றுக்கு 37.9 பேர் அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது நூற்றுக்கு 0.3. தமிழ்நாட்டிலே பெண்கள் பாதிக்கும் மேல்.

ஏன் ஆண் அஞ்சுகிறான்? "ஆண்மை போய்விடும், வேலை செய்யத் தெம்பிருக்காது" என்கிறான். இப்போது பெர்த்தோல்டின் சேவலை நினையுங்கள்! ஆண் ஹார்மோன் செல்வது இரத்த வழியே. அறுவையிலே கட்டுவது விந்தணு வரும் சின்னஞ்சிறு குழாயை மட்டுமே. இரத்தக் குழாயைத் தொடுவதில்லை, விதையைத் தொடுவதில்லை, ஹார்மோன் நேற்றுப்போலவே இன்றும் ஓடும். 1849ஆம் ஆண்டுச் சேவலுக்குத் தெரிந்தது, இன்றைய கணவனுக்குத் தெரியவில்லை!

கடைசியாக, காசு. குழந்தை வேண்டும் என்ற ஏக்கத்தை மூலதனமாக்கிக் கடை விரித்திருக்கிறார்கள். நகரத்துச் சாலைகளிலே எங்கு பார்த்தாலும் கருத்தரிப்பு மைய விளம்பரம். தாலியை அடகு வைத்துத் தாய்மையை வாங்கச் சொல்கிறார்கள். 2022ஆம் ஆண்டு ஈரோட்டிலே வெளிப்பட்ட கொடுமை நினைவிருக்கும்: 16 வயதுச் சிறுமி, போலி ஆதார் அட்டையிலே வயதைக் கூட்டி, ஹார்மோன் ஊசி போட்டு, பலமுறை அவளுடைய கருமுட்டையை எடுத்து விற்றார்கள், பெற்ற தாயே உடந்தை. அந்த ஆண்டு சனவரியிலேதான் புதுச் சட்டம் நடப்புக்கு வந்திருந்தது. கருமுட்டை தருபவள் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும்; வாழ்நாளில் ஒருமுறைதான் தரலாம்; ஏழு முட்டைக்குமேல் எடுக்கக் கூடாது என்கிறது சட்டம். சட்டம் ஏட்டிலே இருந்தது. சிறுமி கட்டிலிலே இருந்தாள். இல்லாதவளின் முட்டை இருப்பவளின் மடியிலே! ஆகவேதான் கேட்கிறோம்: இந்த மருத்துவம் அரசு மருத்துவமனைக்கு முழுமையாக வரவேண்டும். சென்னை எழும்பூரிலே அரசு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் வந்திருக்கிறது, போதாது. ரெட்டியார்சத்திரத்துக் கூலிக்காரன் எழும்பூருக்குப் பத்து முறை போய்வர முடியுமா? 2022ஆம் ஆண்டு திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியிலே அதற்கொரு பிரிவு வேண்டும். ஹார்மோன் சோதனைகள் இலவசமாக நடக்க வேண்டும். கிராமத்துச் சுகாதார நிலையத்திலே நுண்ணோக்கி இருக்கிறது; சளியைப் பார்க்கும் அதே கருவியிலே விந்தையும் பார்க்கலாம். மாதத்திலே ஒரு நாள் அதற்கென்று ஒதுக்கினால் வானம் இடிந்து விழாது.

அதுவரை, குழந்தை இல்லாத தோழர்களே, உங்கள் மனைவியை அடுத்த சோதனைக்கு அனுப்புமுன் நீங்கள் போங்கள். பெண்ணுக்குச் செய்வதுபோல் வலிக்கும் சோதனையன்று. செலவும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் உறவைத் தவிர்த்துவிட்டு, ஆய்வுக்கூடத்திலே தரும் குப்பியிலே விந்தைக் கொடுங்கள். ஒரு மில்லிலிட்டரிலே 1.6 கோடி அணுவாவது இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு தந்த அளவுகோல். குறைந்திருந்தால் இடிந்துபோகாதீர்கள், காய்ச்சல் வந்த மாதத்திலேகூடக் குறையும். புகையை நிறுத்தி, மூன்று திங்கள் கழித்து மறுபடி கொடுங்கள். புது அணு உருவாக அவ்வளவு காலம் வேண்டும் என்று முன்னே சொன்னோம். அப்போதும் குறைவென்றால் மருத்துவர் ஹார்மோனைப் பார்ப்பார், இரத்தக் குழாய் புடைப்பைப் பார்ப்பார், பலவற்றுக்கு மருந்துண்டு. ஓர் அணு கிடைத்தாலும் அதை எடுத்து முட்டைக்குள்ளே நேரே செலுத்தும் முறை 1992ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. சோதனைச் சீட்டு வந்ததும் உங்கள் தாயாரிடம் காட்டுங்கள். இரண்டாம் திருமணத்துக்குப் பெண் பார்க்கத் தரகரை வரச்சொல்லியிருந்தால் — முதல் மனைவி இருக்க மறுமணம் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது, தண்டனையும் உண்டு — அந்தத் தரகரிடமும் அதே சீட்டைக் காட்டித் திருப்பி அனுப்புங்கள்.